நாற்பது நிமிஷம்

கௌதமனுக்கு எந்த மிஷினும் அதனுடைய வேகத்தில் ஓடினால் பிடிக்காது. எங்கள் காம்பவுண்டில் இருக்கிற ஆறு வீட்டுக்கும் இது தெரியும். குடிவந்த மாதமே கிரைண்டருக்கு மோட்டார்ப் பக்கம் பெரிய புல்லி மாட்டினான். முக்கால் மணி நேரத்தில் ஆடுகிற மாவு அரை மணியில் ஆடியது. கூடவே சூடேறி, விடிவதற்குள் புளித்துப் பொங்கி அடுப்படி முழுக்க வழிந்தது. அப்புறம் என் எக்ஸெல் வண்டியில் கை வைத்தான். இப்போது அது குருடிமலைக்கே ஏறும். ஆனால் எங்காவது நிறுத்தினால் அணைந்துபோகும், மறுபடி கிளப்ப ஒரு ஆள் தள்ள வேண்டும்.

லேத்துக்காரன். பதினாறு வயதிலிருந்து பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைகளில் நின்றவன். நல்லவன்தான். குடிக்க மாட்டான், கூடப் பேச மாட்டான். கை மட்டும் சும்மா இருக்காது.

அவன் பெண்டாட்டி மெர்சி நேர் எதிர். தாராபுரம் பக்கத்துப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் தோட்டத்தில் வெங்காயம் நட்டும் அறுத்தும் அவளைப் படிக்க வைத்தார்கள். டூல் அண்ட் டை டிப்ளமோ. பம்பு கம்பெனி ஒன்றில், இரும்பு வெட்டுகிற கம்ப்யூட்டர் மிஷின்களுக்கு புரோகிராம் போடுகிற வேலையில் இருந்தாள். அஞ்சாம் மாசம் வயிறு தெரிந்ததும் கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குழந்தை பிறந்த பிறகு கூப்பிடுவார்களா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்களாம். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் வீரபாண்டிப் பிரிவில் பட்டறை வைத்திருக்கிற கதிரேசன் ஒரு வழி சொன்னார். கௌதமன் வேலை செய்வது அவரிடம்தான். "ஊட்டுலயே உக்காந்து புரோகிராம் போட்டுக் குடுக்கட்டும். மொத வேலை சரியா வந்துச்சுன்னா மாசாமாசம் நம்மகிட்ட இருக்கற வேலையெல்லாம் அம்மணிக்குத்தான்" என்றார். முதல் வேலை, பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரத்துக்கு அலுமினியத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கு வைக்கிற மாதிரி. உள்ளே இருக்கிற இலைகள் எல்லாம் வளைந்து வளைந்து போகும். அது ஒழுங்காக வந்தால் மெர்சி இனி யார் வாயிலிருந்தும் அந்தப் பார்க்கலாமைக் கேட்க வேண்டியதில்லை. வராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி கம்பெனி கம்பெனியாகப் படியேற வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் காந்திபுரத்தில் பீர் முகம்மது பாய் கடையில் வாங்கிய பழசு. தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கணக்குப் போடுவதும் படம் காட்டுவதும் ஒரே சிப்புதான். அதுவும் வேகத்தை ஏற்ற முடியாதபடி பூட்டி விற்கிற மலிவு ரகம். விற்கும்போதே பாய் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "பூட்டுன சிப்பும்மா. குதிரையாட்டம் ஓடாது. ஆனா நம்பி வேலை வாங்கலாம்."

ஆடி மாதம் அது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று இறங்கி, தகரக் கூரைகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. கொடியில் துணி நிற்காது, வாசலில் புழுதி நிற்காது, மனுஷனுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. வியாழக்கிழமை மாதாந்திர பவர் ஷட்டவுன், காலை ஒன்பதிலிருந்து நாலு வரை. கதிரேசன் பட்டறைப் பக்கம் வேறு லைன், அங்கே கரண்ட் இருக்கும். அவர் மெர்சிக்கு ஒதுக்கியிருந்த மிஷின் நேரமும் அதே வியாழக்கிழமைதான், காலை எட்டரை மணி.

செவ்வாய்க்கிழமை, வெட்டுகிற கட்டர் போக வேண்டிய பாதைக்குக் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு எழுபது சதவீதம் போனபோது மின்னல் மாதிரி கரண்ட் ஒரு வெட்டு வெட்டியது. பழைய யுபிஎஸ் தாங்கவில்லை. எல்லாம் முதலிலிருந்து. மெர்சி அழவெல்லாம் இல்லை. ஒரு தாளில் நேரத்தை எழுதிப் பார்த்தாள். பக்கத்தில் ஆள் விழித்திருக்காமல் அதை ஓட விட அவளுக்கு இனி மனசில்லை.

புதன்கிழமை காலையில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். என் வீட்டுக்காரி ராசாத்தாள்தான் துணைக்குப் போனாள். கிளம்பும்போது மெர்சி வாசலில் நின்று சொன்னது எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, நான் வார வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. பன்னெண்டு மணிக்கு ஓட விட்டா ஒம்பது மணி நேரம். ராத்திரி ஒம்பதுக்கு முடியும். காத்தால எந்திரிச்சு ஒருக்கா நல்லாப் பாத்துப்போட்டு ஏழரைக்குக் குடுத்துர்றேன். போதுமுங்க."

"நான் எதுக்குப் புள்ள தொடறேன்?" என்றான் கௌதமன்.

பஸ் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டான்.

"ஏனுங்ணா, சித்தெ வாங்களேன். செல்போனைப் புடிக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்."

எனக்கு அன்று வார லீவு. நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். யாரோ ஒருத்தன் பேசுகிற வீடியோவை நான் பிடித்துக் காட்ட, கௌதமன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். அது விழித்துக்கொள்ளும்போதே ஒரு பட்டனை டக்டக்கென்று தட்டினான். நீலமாக ஒரு திரை வந்தது.

"பாருங்ணா, இந்தக் கட்டம் சாம்பல் கலர்ல கெடக்குதுங்களா? மாத்த முடியாது. இதைத்தான் பூட்டிப்போட்டிருக்கானுங்க. இது கியரு மாதிரி. ஆனா கியரைப் பூட்டுனவன் சாப்டை, அதைச் சுத்தற தண்டைப் பூட்டலைங்ணா. இங்க நூறுன்னு இருக்குது பாருங்க. இதுதான் சாப்டு சுத்தற வேகம். இதை ஏத்துனா கியரு அப்படியே கெடந்தாலும் சிப்பு தானா வேகமாச் சுத்துமில்லீங்க?"

"அந்தப் புள்ள தொட வேண்டாம்னு சொல்லிப்போட்டுத்தானப்பா போச்சு?"

"அவளுக்கு நேரமே பத்தலைங்ணா. மறுபடி ஒரு தாட்டி கரண்டு போச்சுன்னா? முன்னாடியே முடிஞ்சா நல்லதுதானுங்க? அவகிட்டச் சொல்லிக்க வேண்டாம். வெள்ளனே முடிஞ்சுதுன்னா அவளே சந்தோசப்படுவா."

"கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டா மறுபடி நூறாக்கிக்கறது. புல்லி மாத்தற மாதிரித்தானுங்ணா."

நூற்றுப் பன்னிரண்டு வைத்தான். கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவே இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது. அவன் பதறாமல் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த காசு மாதிரி பேட்டரியைக் கழற்றி, எச்சில் படாமல் ஊதி, மறுபடி மாட்டினான்; போட்ட எண்ணை அது மறந்து பழைய நூறுக்கே வந்தது. இந்த முறை நூற்றெட்டு வைத்தான். திறந்தது. மெர்சி வரைந்த இம்பெல்லரைத் திரையில் சுற்றிக் காட்டினான். முன்னைவிட வழுக்கிக்கொண்டு சுற்றியது. படமும் வேகமாகிவிட்டது பாருங்கள் என்று அவன் கண்ணெல்லாம் சிரிப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கும் குஷியாகத்தான் இருந்தது. ஊரான் போட்ட பூட்டைத் திறந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

பதினொன்றரைக்கு மெர்சியும் ராசாத்தாளும் வந்தார்கள். ராசாத்தாள் ஆக்கி வைத்துவிட்டுப் போயிருந்த அரிசிம்பருப்புச் சோற்றில் தயிரை ஊற்றி நின்றபடியே சாப்பிட்டாள் மெர்சி. சரியாகப் பன்னிரண்டுக்கு ஓட விட்டாள். சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் போனபோது குழந்தையின் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்து ராசாத்தாளுக்குப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு யாருடையது என்று இரண்டு பேருக்கும் தகராறு.

ஒன்பதுக்கு முடிய வேண்டிய கணக்கு எட்டு இருபதுக்கு முடிந்தது. நாற்பது நிமிஷம் மிச்சம். அந்த நாற்பது நிமிஷத்தில் மெர்சி அன்றைக்கே திரையில் முழுசாக ஓட்டிப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. நிம்மதியாகச் சேமித்துவிட்டுப் படுத்தாள். காலையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தவள், அதான் பார்த்தாச்சே என்று பென் டிரைவில் ஏற்றி ஏழரைக்கு கௌதமன் கையில் கொடுத்துவிட்டாள். அவன் விசில் அடித்துக்கொண்டு போனான். நான் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

எட்டரை மணி இருக்கும். "அண்ணா!" என்று மெர்சி கூப்பிட்ட குரலில் ராசாத்தாள் தோசைக் கரண்டியோடு ஓடினாள். நானும் போனேன்.

கரண்ட் போவதற்குள் எல்லாவற்றையும் இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறாள். டிஸ்க்கில் கோளாறு, சரிபார்க்கிறேன் என்று அது பாட்டுக்கு என்னவோ ஓட்டிவிட்டுத்தான் திறந்திருக்கிறது. திரையில் ஸ்கேன் படம் இருந்தது. மேல் பாதியில் நெற்றியும் மூக்கும் தெரிந்தன. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் சாம்பல் நிறம்.

"நேத்து முழுசா இருந்துச்சுங்களேக்கா" என்றாள் ராசாத்தாளிடம்.

அடுத்து புரோகிராமைத் திறந்து படமாக ஓட்டினாள். ஆயிரக்கணக்கான நீலக் கோடுகள் இலைகளின் மேல் வளைந்து வளைந்து போயின. நடுவில் ஒரே ஒரு கோடு மட்டும் ஆணி அடித்த மாதிரி நேராகக் கீழே இறங்கியிருந்தது. நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டாவது வரி. கட்டர் முப்பத்தொரு மில்லி ஆழத்துக்கு இறங்க வேண்டிய இடத்தில் எழுபத்தொன்று என்று இருந்தது. மூன்று ஏழாகிவிட்டது.

"நான் இதை எழுதலீங்க" என்றாள். எங்களிடம் இல்லை, கம்ப்யூட்டரிடம்.

பீர் முகம்மது பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, அந்த மெயின் வேகம் நூறுன்னு இருக்குமே, அதுல யாராவது கை வச்சாங்களா?" என்றார்.

"இல்லீங்க பாய். யாரு வெக்கறா?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ராசாத்தாள் என் மூஞ்சியைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"கௌதமன் வெச்சான் அம்மணி" என்றேன். "நூத்தி எட்டு. செல்போனைப் புடிச்சவன் நானு."

பாய் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பார் போல. "அந்த போர்டுல அது ஒண்ணு ஏறுனா எல்லாமே ஏறும்மா. சிப்பு தாங்கும், படம் தாங்கும், டிஸ்க்குக்குப் போற லைன் தாங்காது. எழுதறப்ப அங்கங்க தப்பா எழுதிப்போடும். எது தப்புன்னும் சொல்லாது. இனி அதுல இருக்கற எதையும் நம்பாத. நான் வேற டிஸ்க் அனுப்பறேன்."

மெர்சி போனை வைத்தாள். என்னைத் திட்டினாளா என்றால் இல்லை. "அண்ணா, வண்டி எடுங்க" என்றாள். கொங்கு நாட்டில் கோபம் ஏறினாலும் மரியாதை இறங்காது. பேசாமல் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கௌதமனுக்கும் கதிரேசனுக்கும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கதிரேசன் பட்டறையில் மிஷின் பக்கம் போகிறவர்கள் போனை வாசல் டிராயரில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டிராயரைத் திறக்க ஆள் இல்லை. ஏழு மாச வயிற்றுக்காரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, எதிர்க்காற்றில், மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன். வண்டி அணைந்தது. மேட்டுப்பாளையம் ரயில் ஆடி அசைந்து போன பிறகு, காய்கறி வண்டிக்காரர் ஒருவர் தள்ளிவிட்டார். பின்னால் மெர்சி, "மொத ஓட்டத்தை மேல தூக்கி வெச்சுத்தானுங்ணா ஓட்டுவாங்க. புது ஆளு புரோகிராம்னா அங்க அதுதான் வழக்கம். கட்டர் காத்துலதான் போகும். ஒண்ணும் ஆகாது" என்றாள். அதை மூன்று தடவை சொன்னாள்.

பட்டறை வாசலில் இறங்கும்போது மிஷின் சத்தம் இல்லை.

உள்ளே கதவு திறந்து கிடந்தது. கதிரேசன் இடுப்பில் கை வைத்து நின்றார். மிஷின் ஓட்டுகிற பெண் நவ்யா சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அலுமினியக் கட்டையில் பாதி வெட்டின இலைகள் பளபளவென்று இருந்தன. அதன் நடுவில் ஆழமாக ஒரு குழி, குழிக்குள் முறிந்த கட்டர். கௌதமன் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"மனசுல வெச்சுக்காதீங்க. மாசமா இருக்கறவ, ஏதோ ரோசனைல ஒரு எண்ணைத் தப்பாப் போட்டிருப்பா. இந்த ஒரு தாட்டி பாத்து வுட்டுருங்க."

மெர்சி அப்படியே நின்றாள். அவளுக்காக அவன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். எனக்கு ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

கதிரேசன் திரும்பினார். "வா அம்மணி. நீயே பாரு. நவ்யா மேல தூக்கி வெச்சு ஓட்டறேன்னு சொல்லுச்சு. இவன்தான், என்ற சம்சாரம் போட்டது, மூணு மணி நேரத்தை எதுக்கு வேஸ்ட் பண்றீங்க, நேரா இறக்குங்கன்னு சொல்லிப்போட்டான்."

"அப்படியாங்க?" என்றாள் மெர்சி. பிறகு புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, நேத்துக் காத்தால நூறை நூத்தி எட்டாக்குனீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"நாப்பது நிமிசம் மிச்சம் புடிச்சுக் குடுத்தீங்க. அது ஏறுனா டிஸ்க்குக்குப் போறதும் ஏறுமாமுங்க. நான் முப்பத்தொண்ணுன்னு எழுதுனதை அது எழுபத்தொண்ணுன்னு எழுதிருச்சு. உங்க புள்ள படத்துல மூக்குக்குக் கீழ ஒண்ணுமே இல்லீங்க."

கௌதமன் கை பக்கத்திலிருந்த லேத்தின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தான்.

"சாப்டு வேகத்தை ஏத்துனா அதுல ஓடற எல்லா பெல்ட்டும்தான ஏறும்" என்றான் மெதுவாக. "பட்டறைல நேத்து வந்த பையனுக்குக் கூடத் தெரியும். எனக்கு ரோசனை போகலியே." பிறகு கதிரேசனிடம் திரும்பினான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "அவ போட்டது சரிதானுங்க. கெடுத்தது நானு. அவளுக்குத் தெரியாமக் கெடுத்தேன். இப்ப உங்ககிட்ட அவ மேலயே பழியும் போட்டேன்."

கதிரேசன் குனிந்து அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அவரும் பட்டறையில் வளர்ந்தவர்தான்; கத்துகிற ஆள் இல்லை.

"சனிக்கெழமை எட்டு மணிக்கு மிஷினு சும்மா இருக்குது. அதுக்கு மேல பார்ட்டி பொறுக்காது. அம்மணி, அதுக்குள்ள மறுபடி போட முடியுமா?"

"ஒம்பது மணி நேரமுங்க. போட்டுருவேன்."

"பென் டிரைவை நீயே கொண்டுவா. இவங்கிட்டக் குடுக்காத. ஏப்பா கௌதமா, குழியை ஆர்கான் வெல்டிங்ல அடைச்சுத் தர்றேன். மேல எச்சா நிக்கறதை மிஷின்ல வெக்க மாட்டேன். அரத்தை எடுத்து நீ கையில ராவோணும். மட்டமா வரோணும்."

அரத்தில் கையால் ராவுவது வேகமாக நடக்காத ஒரு வேலை. வேகமாக இழுத்தால் அலுமினியம் அரத்தில் அப்பிக்கொண்டு கட்டையைக் கீறிவிடும். வெள்ளிக்கிழமை முழுக்க கௌதமன் அதைச் செய்தான். நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக, ஒவ்வொரு இழுப்புக்கும் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து, துடைத்து, மட்டப் பலகை வைத்துப் பார்த்து. வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த எனக்கே பொறுமை போய்விட்டது.

வீட்டில், பாய் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிய புது டிஸ்க்கில், நூறுக்கு இறக்கின கம்ப்யூட்டர் அதன் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மெர்சி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஒன்று, இரண்டு என்று சதவீதம் ஏறியது. கௌதமனோடு வியாழக்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேச்சை மட்டும் வைக்கவில்லை. ராசாத்தாள் என்னோடும் பேசவில்லை. அது நியாயம்தான்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு நானும் போனேன். பென் டிரைவ் மெர்சியின் கைக்குள் இருந்தது. நவ்யா, "அக்கா, மேல தூக்கியே ஓட்டறனுங்க" என்றாள். கட்டர் கட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், எதையும் தொடாமல், காற்றை வெட்டிக்கொண்டு போகத் தொடங்கியது. கௌதமன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் பார்க்கவில்லை. அவன் அதைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றான். முக்கால் மணி நேரம் மெர்சி நின்றபடியே, இடுப்பில் கை கொடுத்துக்கொண்டு, திரையில் வரி எண்ணையே பார்த்தாள்.

கதிரேசன் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "காத்துலதான ஓடுது. ஏப்பா கௌதமா, அந்தத் திருகைக் கொஞ்சம் ஏத்தி வுடு. நாப்பது நிமிசமாச்சும் மிச்சமாகும்."

வேகத்தைக் கூட்டுகிற திருகு கௌதமனுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அது நூறில் நின்றது. நான் அவன் கையைப் பார்த்தேன். நவ்யா பார்த்தாள். மெர்சி மட்டும் திரும்பவில்லை. ஆனால் அவள் தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது.

"வேண்டாமுங்க" என்றான் கௌதமன். "நூறுலயே ஓடட்டும்."

கதிரேசன் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். நாலாயிரத்து எண்ணூறு வந்தது. எண்ணூற்றுப் பத்து. பதினொன்று. பன்னிரண்டு. கட்டர் அந்த இடத்தின் மேல், அவன் ராவி மட்டமாக்கின இடத்தின் மேல், கொஞ்சமாக இறங்கி, வளைந்து, அடுத்த இலைக்குப் போனது.

மெர்சி கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு, இரண்டு நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்.

"ஏனுங்க, காலு கடுக்குது. அந்த ஸ்டூலை இப்படிப் போடுங்க."